வீட்டுலயே குழந்தைங்க பார்ட்டி வைக்கப் போறீங்களா? அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதில்களும்

என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேர்த்து நிறைய பார்ட்டி வீட்டுலயே வெச்சிருக்கேன், அதனால தெரிஞ்சவங்க யாராவது ஏற்பாடு பண்ணும்போது எனக்குதான் கேள்வி வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். பிறந்தநாளுக்குன்னு எழுதினதுதான், ஆனா வேற எதுக்காக குழந்தைங்களைக் கூப்பிட்டாலும் இது பொருந்தும்.

எத்தனை குழந்தைங்களைக் கூப்பிடலாம்?

பல பேர் சொல்ற ஒரு கணக்கு இருக்கு, குழந்தையோட வயசு எவ்வளவோ அதுகூட ஒண்ணு சேர்த்துக்கோங்க. 4 வயசுன்னா 5 பேர், 6 வயசுன்னா 7 பேர். இது சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா ரொம்ப நல்ல கணக்கு. நான் ஒரு தடவ 3 வயசுக்கு 18 குழந்தைங்களைக் கூப்பிட்டுட்டேன், யாரையும் விட முடியலன்னு. அன்னைக்கு என் பிள்ளை பாதி நேரம் என் தோள்லயே முகத்தைப் புதைச்சுக்கிட்டு இருந்தா, வந்தவங்க சந்தோஷமா இருந்தாங்க ஆனா யாருக்காக பண்ணினோமோ அவளுக்கு அது பார்ட்டியாவே இல்ல. அதுக்கப்புறம் பெரியவங்க உறவை எல்லாம் வேற ஒரு நாள் தனியா கூப்பிட்டுக்கறேன், குழந்தையோட பார்ட்டிக்கு குழந்தையோட ஆளுங்க மட்டும்தான். யாரைக் கூப்பிடணும்னு குழந்தைகிட்டயே கேளுங்க, 4 வயசுலயே தெளிவா பேர் சொல்லும். ஒண்ணு மட்டும் கவனிங்க, ஒரே வகுப்புல 12 பேர் இருந்து அதுல 10 பேரைக் கூப்பிட்டு ரெண்டு பேரை விடாதீங்க. அந்த ரெண்டு பேருக்கும் கண்டிப்பா தெரிஞ்சிடும்.

எவ்வளவு நேரம் வைக்கணும், எந்த நேரம் நல்லது?

5 வயசுக்குள்ளன்னா ஒன்றரை மணி நேரம், அதிகபட்சம் ரெண்டு. அதுக்கு மேல பெரிய பிள்ளைங்கன்னா ரெண்டரை மணி நேரம் தாராளம். இது கம்மியா தெரியும், ஆனா குழந்தைங்க சந்தோஷமா இருக்கும்போதே முடிஞ்சிடணும், களைச்சுப் போய் அழ ஆரம்பிச்சதுக்கப்புறம் இல்ல. நேரம் முடிவு பண்றப்ப மண்டபம் கிடைக்குதா, சொந்தக்காரங்க ஆபீஸ் விட்டு வர முடியுமாங்கறதை விட உங்க குழந்தை எப்ப தூங்கும், எப்ப பசிக்கும்னு பாருங்க. மதியம் தூங்குற குழந்தைன்னா தூங்கி எழுந்து ஒரு அரை மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க, இல்லன்னா காலையிலயே வெச்சுடுங்க. ராத்திரி 8 மணிக்கு கேக் வெட்டுற பார்ட்டியில எத்தனை குழந்தைங்க கண்ணைக் கசக்கிட்டு நிக்குதுன்னு ஒரு தடவ கவனிச்சுப் பாருங்க.

முதல் பிறந்தநாளை எப்படி பண்றது?

சின்னதா பண்ணுங்க. 1 வயசு குழந்தைக்கு பழகின நாலு முகம், வழக்கமான தூக்கம், வழக்கமான சாப்பாடு இது போதும். ஒரே நேரத்துல நிறைய பேர் தூக்கினா பயந்துடும், அதுல தப்பே இல்ல, அந்த வயசு அப்படித்தான். ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு மாத்திக்கிட்டே இருக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

அழைப்புல என்னென்ன இருக்கணும்?

தேதி, இடம், ஆரம்பிக்கிற நேரம் எல்லாரும் போடுவாங்க, முடியிற நேரத்தைப் போட மறந்துடுவாங்க. அதைக் கண்டிப்பா போடுங்க, கூட்டிட்டுப் போறவங்களுக்கு அதுதான் முக்கியம். அப்பா அம்மா கூடவே இருக்கணுமா இல்ல விட்டுட்டுப் போகலாமான்னும் தெளிவா எழுதுங்க, 4 வயசுக்குள்ளன்னா கூட இருக்கச் சொல்றதுதான் நல்லது. தம்பி தங்கச்சியையும் கூட்டிட்டு வரலாமாங்கறதையும் போட்டுட்டா அவங்களுக்கும் சங்கடம் இல்ல உங்களுக்கும் எண்ணிக்கை தெரியும்.

அப்புறம் ஒரு வரி, "உங்க பிள்ளைக்கு எந்த சாப்பாடாவது ஒத்துக்காதா, அலர்ஜி இருக்கா?" இதை வெறும் மரியாதைக்கு கேக்காதீங்க, பதில் வாங்குங்க. பதில் வரலன்னா போன் பண்ணியே கேளுங்க. அழைப்பை ரெண்டு மூணு வாரம் முன்னாடி சொன்னா போதும், ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க.

வீட்டை எப்படி தயார் பண்றது?

அலங்காரத்துக்கு முன்னாடி ஒரு வேலை. தரையில முட்டி போட்டு குழந்தையோட உயரத்துல இருந்து வீட்டைச் சுத்திப் பாருங்க. உங்க குழந்தைக்கு உங்க வீடு பழக்கம், எதைத் தொடக்கூடாதுன்னு தெரியும், வர்ற குழந்தைங்களுக்கு தெரியாது. மருந்து, கத்தரிக்கோல், மேசையில இருந்து தொங்குற வயர், சூடான பாத்திரம் எல்லாத்தையும் எடுத்துடுங்க. பாத்ரூம்ல பக்கெட்டைக் காலி பண்ணி கவுத்து வெச்சுடுங்க, சில அங்குல தண்ணி இருந்தாலே சின்னக் குழந்தை மூழ்கிடும், அதுவும் சத்தமே இல்லாம நடக்கும். மாடிப்படி, பால்கனி கதவு பூட்டு. ஒரு ரூமைப் பூட்டி உடைஞ்சா மனசு கஷ்டப்படுற சாமான் எல்லாம் அதுக்குள்ள போட்டுடுங்க. உங்க குழந்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு சொல்ற பொம்மையும் அந்த ரூமுக்கே போகட்டும்.

பட்டன் பேட்டரி பத்தி தனியா சொல்றேன். வெளிச்சம் வர்ற மோதிரம், பாட்டு பாடுற வாழ்த்து அட்டை, எலக்ட்ரிக் மெழுகுவத்தி, இதுக்குள்ள எல்லாம் நாணயம் மாதிரி சின்ன பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை முழுங்கி தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல சிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள புண்ணாக்க ஆரம்பிச்சிடும், உயிருக்கே ஆபத்து. முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இந்த மாதிரி சாமான் வாங்கினா பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா வாங்கவே வாங்காதீங்க.

தீம் வேணுமா?

கட்டாயம் இல்ல. குழந்தைக்கு இப்ப எது பைத்தியமோ, டைனோசரோ ரயிலோ நட்சத்திரமோ, அதுல ஒரு படம் சுவத்துல இருந்தா அதுக்கு அது போதும். அலங்காரத்தையும் குழந்தைகூட உக்காந்து பண்ணுங்க, கலர் பேப்பர் சங்கிலி ஒட்டுறதெல்லாம் 4 வயசுல அழகா செய்வாங்க. முன்னாடி ஒரு வாரமே அதுங்களுக்கு பார்ட்டி ஆரம்பிச்ச மாதிரிதான்.

பலூன் பாதுகாப்பா?

பெரியவங்க கண்ணு முன்னாடி இருக்குற வரைக்கும் சரி. ஆனா ஊதாத பலூனும் வெடிச்ச பலூன் துண்டும் ரொம்ப ஆபத்து, 8 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு மூச்சு அடைக்கும்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கும், பாத்திருப்பீங்க. மெல்லிசான ரப்பர் தொண்டையில போய் ஒட்டிக்கிட்டா எடுக்குறது ரொம்பக் கஷ்டம். அதனால ஊதுறது பெரியவங்க வேலை, குழந்தைங்க வாயில வெச்சு ஊதவோ கடிச்சு இழுக்கவோ விடாதீங்க, ஒண்ணு வெடிச்சா அடுத்த வேலை அந்தத் துண்டைப் பொறுக்குறதுதான். கைக்கு எட்டாத உயரத்துல கட்டிடுங்க. ரப்பர் பலூன் சிலருக்கு அலர்ஜி ஆகும், அதையும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

மேல பறக்கிற பலூன்னா உள்ள ஹீலியம் தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. ஹீலியம் தீப்பிடிக்காது, ஆனா சில இடத்துல விலை கம்மின்னு ஹைட்ரஜன் அடைச்சுத் தர்றாங்க, அது கேக் மெழுகுவத்தி பக்கத்துல வந்தா குப்புன்னு பத்திக்கும். எந்த வாயுன்னு தெளிவா சொல்ல முடியாதவங்ககிட்ட வாங்காம சாதாரணமா ஊதி சுவத்துல ஒட்டிடுங்க. ஹீலியத்தை இழுத்து கீச்சுக்குரல்ல பேசுறதை விளையாட்டா பண்றாங்க, அது வேண்டவே வேண்டாம். உள்ள போறது ஆக்சிஜன் இல்லாத வாயு, நேரா சிலிண்டர்ல இருந்து இழுத்தா அந்த அழுத்தத்துல நுரையீரலே கிழிஞ்சு உயிர் போயிருக்கு. சாதாரண அளவு ரப்பர் பலூன்ல ஹீலியம் அரை நாள்ல இருந்து ஒரு நாள் வரைக்கும்தான் தாங்கும், அதனால முந்தின நாள் ராத்திரியே நிரப்பி வெச்சு காலையில தரையில கிடக்குதேன்னு வருத்தப்படாதீங்க.

இன்னொண்ணு, கேக் வெட்டும்போது பனி மாதிரி நுரை அடிக்கிற ஸ்ப்ரே. அந்த டப்பாவுல நுரையைத் தள்ளுற வாயு நிறைய பிராண்டுல தீப்பிடிக்கக்கூடியது. எரியிற மெழுகுவத்தி இருக்கும்போது அதை அடிச்சு குழந்தைங்க முகம், முடி பத்திக்கிட்ட சம்பவங்கள் நடந்திருக்கு. எங்க வீட்டுல அந்த டப்பா உள்ளயே வராது.

சாப்பாட்டுக்கு என்ன வைக்கலாம்?

கம்மியா, சின்னச் சின்னதா, கையில எடுத்து சாப்பிடுற மாதிரி. விளையாட்டு வேகத்துல குழந்தைங்க அதிகம் சாப்பிட மாட்டாங்க, பத்து வகை பண்ணி மிச்சமாகுறதை விட அவங்களுக்கு ஏற்கனவே பிடிச்ச மூணு வகை போதும். தண்ணியை அவங்களே எடுத்துக்குற மாதிரி ஒரு இடத்துல வைங்க, பேர் எழுதின கப்போட.

மூச்சு அடைக்கிற சாப்பாடுதான் பெரிய கவலை. 5 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு திராட்சையை முழுசா கொடுக்காதீங்க, நீளவாக்குல நாலா வெட்டுங்க, குறுக்கால வெட்டினா அது அப்பவும் உருண்டையாதான் இருக்கும். முழு நட்ஸ், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் இதெல்லாம் அந்த வயசுல வேண்டாம். 1 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு தேன் ஒரு துளி கூட கூடாது, பாட்டுலிசம்ங்கற விஷ நோய் வரலாம். அப்புறம், உக்கார வெச்சுதான் சாப்பாடு. வாயில வெச்சுக்கிட்டே ஓடுறது, குதிக்கிறது, மல்லாந்து சிரிக்கிறது, இப்படித்தான் அடைக்கும்.

கெட்டுப் போற சாப்பாட்டை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க, 32 டிகிரி செல்சியஸுக்கு மேல வெயில்னா ஒரு மணி நேரம்தான். க்ரீம் கேக் மேசையில அழகா இருக்குதேன்னு காலையில இருந்து வெச்சிருக்கக் கூடாது.

அலர்ஜி இருக்கிற குழந்தை வந்தா?

அந்த அம்மா அப்பாகிட்ட நேரா பேசுங்க. எது ஆகாது, கொஞ்சம் பட்டாலே பிரச்சனையா, ஆச்சுன்னா என்ன பண்ணணும், கடுமையான அலர்ஜிக்கு உடனே போடுற அட்ரினலின் ஊசி ஏதாவது கூட வெச்சிருக்காங்களா, அதை எப்படி போடுறது. முடிஞ்சா எல்லாருக்குமே அந்தப் பொருள் இல்லாத சாப்பாடா பண்ணிடுங்க. ஒரு குழந்தைக்கு மட்டும் தனித் தட்டு வெச்சா அது மூஞ்சி வாடிப்போறதைப் பாக்க முடியாது. பாக்கெட்டுல வாங்கினதுன்னா கவரைத் தூக்கிப் போடாம வைங்க, என்னென்ன சேர்த்திருக்குன்னு அவங்க படிச்சுப் பாக்கணும்ல.

இனிப்பு சாப்பிட்டா குழந்தைங்க கட்டுக்கடங்காம ஆடுவாங்களா?

எல்லாரும் நம்புறது இது, நானும் ரொம்ப நாள் நம்பினேன். 1995-ல 23 ஆய்வுகளைச் சேர்த்து வெச்சு பாத்தாங்க, சர்க்கரையால குழந்தைங்க நடத்தை மாறினதா தெரியலன்னுதான் முடிவு வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் நடந்த ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. 5ல இருந்து 7 வயசு பசங்களையும் அவங்க அம்மாக்களையும் வெச்சு பண்ணினாங்க, எல்லா பசங்களுக்கும் சர்க்கரை இல்லாத இனிப்பு பானம்தான், ஆனா பாதி அம்மாக்கள்கிட்ட உங்க பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கோம்னு சொல்லிட்டாங்க. அந்த அம்மாக்கள் எல்லாம் பையன் இன்னைக்கு ரொம்ப ஆடுறான்னு மார்க் போட்டாங்க, கிட்டயே நின்னு அதிகமா அதட்டவும் செஞ்சாங்க.

பார்ட்டியில ஆடுறது கூட்டம், சத்தம், விளையாட்டு, தூக்கம் கெட்டது இதனால. பல்லுக்கும் உடம்புக்கும் சர்க்கரையைக் குறைக்கறது நல்லதுதான், ஆனா குழந்தை அடங்கலன்னா கேக்கைக் குத்தம் சொல்லாம மணியைப் பாருங்க, தூங்குற நேரம் தாண்டியிருக்கும்.

மெழுகுவத்தி ஊதுறதால கேக்குல கிருமி வருமா?

வரும். 2017-ல அமெரிக்காவுல க்ளெம்சன் யூனிவர்சிட்டியில சோதிச்சுப் பாத்தப்ப ஊதின க்ரீம்ல பாக்டீரியா சராசரியா 1400 சதவீதம் கூடியிருந்துச்சு. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா ஊதுற குழந்தைக்கு சளி இருமல்னா யோசிக்கணும்ல. சுலபமான வழி, ஒரு சின்ன கப் கேக்குல மெழுகுவத்தி வெச்சு அதை ஊதட்டும், அதைப் பிறந்தநாள் குழந்தையே சாப்பிடட்டும், பெரிய கேக்கை மத்தவங்களுக்கு வெட்டுங்க. முடி நீளமா இருந்தா குனியறதுக்கு முன்னாடி கட்டி விடுங்க. பொறி பறக்கிற மெழுகுவத்தி ஆயிரம் டிகிரி கிட்ட சூடாகும், அதை நான் வைக்கறதே இல்ல.

என்ன விளையாட்டு வைக்கலாம்?

வயசைப் பொறுத்துதான். 2, 3 வயசு குழந்தைங்க ஒண்ணா சேர்ந்து விளையாட மாட்டாங்க, பக்கத்துல பக்கத்துல உக்காந்து தனித்தனியாதான் விளையாடுவாங்க, அது அந்த வயசோட இயல்பு. அவங்களுக்கு விதிமுறை உள்ள விளையாட்டு வேண்டாம். ஒரு மூலையில கட்டைகள், ஒரு மூலையில மாவு மாதிரி பிசையற களிமண், ஒரு பெரிய அட்டைப் பெட்டி. அட்டைப் பெட்டிக்கு இருக்கிற மவுசு எந்த பொம்மைக்கும் இல்ல. எல்லாத்துலயும் நாலஞ்சு பேருக்குப் போதுற மாதிரி இருக்கணும், ஒண்ணே ஒண்ணு இருந்தா சண்டை நிச்சயம்.

4 வயசுல இருந்து சேர்ந்து விளையாட ஆரம்பிப்பாங்க. இங்க எனக்கு ஒரு திடமான கருத்து இருக்கு, தோத்தவங்களை வெளிய உக்கார வைக்கிற விளையாட்டு சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டாம். மியூசிக்கல் சேர்ல முதல்ல அவுட் ஆகுறது பெரும்பாலும் கூட்டத்துலயே சின்னதும் கூச்ச சுபாவம் உள்ளதும்தான், அது மீதி நேரம் பூரா சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும். அதையே மாத்தி வைங்க, ஒவ்வொரு சுத்துக்கும் சேரைத்தான் எடுக்கணும் ஆளை இல்ல, இருக்கிற சேர்ல எல்லாரும் ஒருத்தர் மடியில ஒருத்தர்னு நெருக்கிக்கிட்டு உக்காரணும், கடைசியில ஒரே சேர்ல ஆறு பேர் தொங்குறதைப் பாக்கணுமே அவ்வளவு சிரிப்பு. சேர் கவுராம ரெண்டு பக்கமும் பெரியவங்க பிடிச்சுக்கோங்க.

பாட்டு நின்னதும் சிலை மாதிரி நிக்கறது, பேப்பர் பேப்பரா சுத்தின பார்சலை வட்டமா கைமாத்தி பாட்டு நிக்கிறப்ப ஒரு பேப்பரைப் பிரிக்கிறது (பாட்டு போடுறவங்க எல்லார் கையிலயும் ஒரு தடவ நிக்கிற மாதிரி பாத்துக்கணும்), வீட்டுக்குள்ளயே புதையல் வேட்டை, இதெல்லாம் எப்பவுமே கைகொடுக்கும். 7 வயசுக்கு மேலன்னா புதையலுக்கு எழுத்துக் குறிப்பு வைங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு படம் வரைஞ்ச குறிப்பு.

வரிசையா சொல்லணும்னா, வந்ததும் உக்காந்து செய்யிற ஏதாவது, கிரீடம் செஞ்சு கலர் அடிக்கிறது மாதிரி, ஏன்னா எல்லாரும் ஒரே நேரத்துல வர மாட்டாங்க. அப்புறம் ஓடியாடுற விளையாட்டு, அப்புறம் சாப்பாடும் கேக்கும், கடைசியில கதை. ஒரு விளையாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல போகாதுன்னு வெச்சுக்கோங்க, கையில ரெண்டு விளையாட்டு கூடுதலா இருக்கட்டும், ஆனா அவங்களா ஒண்ணு கண்டுபிடிச்சு விளையாடிட்டு இருந்தா உங்க லிஸ்ட்டை மடிச்சு உள்ள வெச்சுடுங்க, அதைக் கலைக்காதீங்க.

ஒரு குழந்தை மட்டும் ஒதுங்கியே நிக்குதே, என்ன பண்றது?

வா வான்னு கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஒரு வேலை கொடுங்க, பாட்டை நிறுத்துறது, கப் எடுத்துக் கொடுக்கிறது. இல்லன்னா பாத்துக்கிட்டே இருக்கட்டும், பாக்கறதும் சில குழந்தைங்களுக்கு கலந்துக்கிறதுதான். சத்தம் தாங்காத குழந்தைங்களுக்காக ஒரு ரூமை அமைதியா வைங்க, ரெண்டு தலையணை, நாலு படப் புத்தகம், மங்கலான லைட். எங்க வீட்டுல ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் அங்க போய் பத்து நிமிஷம் இருந்துட்டு தெளிஞ்சு வருவாங்க.

பிறந்தநாள் குழந்தையே அழுது அடம் பிடிச்சா?

ரொம்ப சகஜம். எல்லார் கண்ணும் தன்மேல, தன் பொம்மையை யார் யாரோ எடுக்குறாங்க, புது டிரஸ் குத்துது. எல்லார் முன்னாடியும் திட்டாம தனியா தூக்கிட்டுப் போய் மடியில வெச்சுக்கோங்க, தண்ணி கொடுங்க. கேக் வெட்ட மாட்டேன்னா நீங்க வெட்டுங்க, போட்டோ வரலன்னா பரவால்ல.

எத்தனை பெரியவங்க உதவிக்கு வேணும்?

சின்னக் குழந்தைங்கன்னா மூணு நாலு பேருக்கு ஒரு பெரியவங்க. ஆனா எண்ணிக்கையை விட யாருக்கு என்ன வேலைன்னு பிரிக்கறது முக்கியம், எல்லாரும் பாத்துக்குவாங்கன்னு இருந்தா யாருமே பாக்க மாட்டாங்க. ஒருத்தர் வாசக்கதவு, ஒருத்தர் சாப்பாடு, ஒருத்தர் விளையாட்டு, ஒருத்தர் வேற வேலையே இல்லாம குழந்தைங்களை எண்ணிக்கிட்டே இருக்கணும். போட்டோ எடுக்கவும் ஒருத்தரை விடுங்க, மத்தவங்க பிள்ளைங்க படத்தை வெளிய போடுறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சாப்பிடும்போது தொண்டையில அடைச்சா?

நல்லா சத்தமா இரும முடியுதுன்னா இரும விடுங்க. சத்தமே வரல, மூச்சு வாங்க முடியலன்னா உடனே கத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிட்டு குழந்தையை முன்னாடி குனிய வெச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல உள்ளங்கை அடிப்பகுதியால 5 தடவ வேகமா தட்டணும். வரலன்னா 1 வயசுக்கு மேல உள்ள குழந்தைக்கு பின்னாடி நின்னு தொப்புளுக்கு மேல கையை வெச்சு உள்ளயும் மேலயுமா 5 தடவ அழுத்தணும், 1 வயசுக்குள்ளன்னா வயித்துல அழுத்தவே கூடாது, முதுகுல தட்டினதுக்கப்புறம் மல்லாத்தி நெஞ்சு நடுவுல 5 தடவ அழுத்தணும். வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. மயங்கிட்டா தரையில படுக்க வெச்சு சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாய் வழியா மூச்சு கொடுக்கிற முதலுதவி) ஆரம்பிக்கணும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டு தேடாதீங்க, உள்ள தள்ளிடும். படிச்சா மட்டும் கைக்கு வராது, ஒரு முதலுதவி வகுப்புல பொம்மையை வெச்சு பழகிட்டு வாங்க, நான் போயிட்டு வந்தேன், அதுக்கப்புறம்தான் பார்ட்டி வைக்க தைரியமே வந்துச்சு.

பரிசெல்லாம் அங்கேயே பிரிக்கணுமா?

சின்னப் பிள்ளைங்கன்னா எல்லாரும் போனதுக்கப்புறம் பிரிங்க. ஏற்கனவே இது இருக்கேன்னு அது பட்டுன்னு சொல்லிடும், கொண்டு வந்த பிள்ளைக்கு முகம் சுருங்கிடும். யார் எது கொடுத்தாங்கன்னு எழுதி வெச்சு, அடுத்த ரெண்டு நாள்ல குழந்தையையே நன்றி சொல்ல வைங்க.

வந்தவங்களுக்கு என்ன கொடுத்து அனுப்புறது?

ஒரே ஒரு உபயோகமான பொருள். செடி விதை, க்ரேயான், சின்ன புத்தகம். இல்லன்னா அவங்களே அன்னைக்கு செஞ்ச கிரீடம். பத்து சின்ன பிளாஸ்டிக் சாமானைப் பையில போட்டுக் கொடுத்தா வீட்டுல இருக்கிற கைக்குழந்தை வாயில போட்டுக்கும்.

எல்லாரும் போனதுக்கப்புறம் முதல்ல என்ன செய்யணும்?

பாத்திரத்தை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல மெழுகுவத்தி, அடுப்பு எல்லாம் அணைஞ்சிருக்கா பாருங்க, வெளிய இருக்கிற சாப்பாட்டுல எது ஃப்ரிட்ஜுக்கு எது குப்பைக்குன்னு பிரிங்க. அப்புறம் மறுபடி தரையில முட்டி போட்டு ஒரு சுத்து வாங்க, பலூன் துண்டு, ரிப்பன், பொம்மையில இருந்து விழுந்த சின்ன பாகம், தீக்குச்சி எல்லாம் மேசைக்கு அடியிலதான் கிடக்கும். சோபா குஷனுக்கு கீழயும் கையை விட்டு ஒரு தடவ தடவிப் பாத்துடுங்க, போன தடவ எனக்கு அங்கதான் ரெண்டு முழு திராட்சையும் ஒரு வெடிச்ச பலூனும் கிடைச்சுது.